கொல்லன் பட்டறைக்குப் பக்கத்து ஏரி

(பழவேற்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘அறிவியலாளரும் ஆயுதமும்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். சென்னையில் குளிரூட்டிய அரங்கில் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். இந்தத் தலைப்புக்குப் பழவேற்காட்டை விடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் கிடையாது என்று பதில் சொன்னேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

காலையில் பேருந்திலிருந்து இறங்கியதும் டச்சுக்காரர் கல்லறைக்குப் போனேன். வாசலில் இருபுறமும் எலும்புக்கூடு செதுக்கிய கல். உள்ளே படுத்திருப்பவர்கள் வணிகர்கள், அதிகாரிகள், அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள். மிளகு, கைலித்துணி, கிராம்பு என்று நாம் பாடத்தில் படித்த வணிகம்தான். ஆனால் 1613இல் அவர்கள் இங்கே கட்டிய கெல்ட்ரியா கோட்டை துணி வாங்க மட்டும் கட்டப்பட்டதல்ல. அதன் நிழலில் ஒரு வெடிமருந்து ஆலை இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள், கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த டச்சு நிலையங்களுக்கும் ஊர் திரும்பும் கப்பல்களுக்கும் இங்கிருந்து வெடிமருந்து போயிற்று. எந்தத் தீவில் யார் மார்பில் அது வெடித்தது என்று ஆலையில் வெடியுப்பு இடித்த கூலியாளுக்குத் தெரிந்திருக்காது. கணக்கெழுதிய டச்சு அதிகாரிக்குத் தெரிந்திருக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேதியியல் வாத்தியார். கொஞ்சம் பாடம் நடத்தாமல் விட மாட்டேன். வெடிமருந்தில் மூன்று சரக்கு: வெடியுப்பு, கந்தகம், கரி. கரியும் கந்தகமும் எரிகிற பொருள்கள். வெடியுப்பின் வேலை வேறு. காற்று புக முடியாத இடத்திலும் எரிவதற்குத் தேவையான ஆக்சிஜனைத் தன் மடியில் கட்டிக்கொண்டு வருவது அதுதான். சரி, இப்போது வடக்கே பாருங்கள். நேர்கோட்டில் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டரில், இதே ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற தீவில், ஸ்ரீஹரிகோட்டாவில், பி.எஸ்.எல்.வி. ராக்கெட் நிற்கிறது. அதன் முதல் கட்டத்தில் ஏறக்குறைய 138 டன் திட எரிபொருள். அதில் மூன்றில் இரண்டு பங்கு அம்மோனியம் பெர்குளோரேட். அதன் வேலை என்ன? ஆக்சிஜனை மடியில் கட்டிக்கொண்டு வருவது. நானூறு ஆண்டுகளுக்கு முன் வெடியுப்பு செய்த அதே வேலை. ஒரே ஏரியின் கரையில், தெற்கு முனையில் அதுவும் வடக்கே இதுவுமாக, இரண்டு உலைக்களங்கள்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று கொள்ளைக்காரக் கம்பெனியின் ஆலை. மற்றொன்று புயல் வருவதை முன்கூட்டிச் சொல்லி உங்கள் உயிரைக் காப்பாற்றும் செயற்கைக்கோள்களை அனுப்புகிற இடம். அதன் மீது எனக்குப் பெருமை உண்டு. 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணிச் செயற்கைக்கோளை மேலே கொண்டுபோனபோது நான் கல்லூரி விடுதியில் வானொலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பெருமை வேறு, கண்ணை மூடிக்கொள்வது வேறு.

தமிழில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வானத்துக்குப் போவதை ஏவுகலம் என்கிறோம். எதிரி மேல் போவதை ஏவுகணை என்கிறோம். வினை ஒன்றுதான்: ஏவு. ‘ஏவு’ என்றால் கட்டளையிடு என்றும் பொருள். சொன்னதைச் செய்கிறவன் ஏவலாள். ஒருவருக்குக் கெடுதல் நினைத்து மந்திரவாதியிடம் போய்ச் செய்வதும் ஏவல்தான். மொழி இந்த மூன்றையும் ஒரே முடிச்சில் போட்டு வைத்திருக்கிறது.

அந்த முடிச்சைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? 2019 ஜனவரி 24 நள்ளிரவுக்குச் சற்று முன், இங்கே பலர் மொட்டை மாடியில் நின்று பார்த்திருப்பீர்கள், பி.எஸ்.எல்.வி. சி-44 கிளம்பியது. அதில் இரண்டு பயணிகள். ஒன்று ‘கலாம்சாட்’, சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் மாணவர்கள் செய்தது, ஒன்றேகால் கிலோ எடை. இன்னொன்று ‘மைக்ரோசாட்-ஆர்’, 740 கிலோ. படமெடுக்கும் செயற்கைக்கோள் என்று அறிவித்தார்கள். இரண்டு மாதம் கழித்து, மார்ச் 27 அன்று, ஒடிசாக் கரைக்கு அப்பாலுள்ள தீவிலிருந்து ஓர் ஏவுகணை எழுந்து அந்த மைக்ரோசாட்டை அடித்து நொறுக்கியது. அந்தத் தீவுக்குப் பெயர் அப்துல் கலாம் தீவு. கலாம் பெயரில் பிள்ளைகள் செய்த ஒரு செயற்கைக்கோள். கலாம் பெயர் தாங்கிய தீவிலிருந்து செயற்கைக்கோளைக் கொல்லும் கணை. அந்தப் பிள்ளையும் அந்த இலக்கும் நம் ஏரிக்கரையிலிருந்து ஒரே வண்டியில் போயிருக்கின்றன. கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் ‘மிகை’ என்று பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

உடைந்த துண்டுகள் 45 நாளில் விழுந்துவிடும் என்றார்கள். தாழ்வான பாதையைத் தேர்ந்தெடுத்ததால் பெரும்பாலானவை சீக்கிரம் விழுந்தன. சில துண்டுகள் ஓராண்டுக்கு மேலும் சுற்றிக்கொண்டிருந்தன. 1967இன் விண்வெளி ஒப்பந்தம் அணுகுண்டைச் சுற்றுப்பாதையில் வைக்கக் கூடாது என்கிறது. இந்த மாதிரி அடியைத் தடுக்கும் சொல் அதில் இல்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் நமக்கு முன்பே செய்தவைதான். அதனால் நாமும் செய்தோம். ஆயுதப் போட்டி எப்போதும் ‘அதனால்’ என்ற ஒரு சொல்லில்தான் ஓடுகிறது.

இனி கொல்லனுக்கு வருகிறேன். புறநானூற்றில் பொன்முடியார் பாடலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தாய், தந்தை, வேந்தன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை பிரித்துக் கொடுக்கும்போது கொல்லனுக்கும் ஒன்று வருகிறது: வேல் செய்து தருவது. அதே நூலில் ஔவை, அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் என்றால் நம்ம மண்டலத்துக்காரன். அவன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். பளபளவென்று நெய் பூசி மாலை சூட்டி வைத்திருக்கிறான். ஔவை பார்த்துவிட்டு, எங்கள் அரசனின் ஆயுதங்கள் முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருள்படச் சொல்கிறார். இதைச் சமாதானப் பாட்டு என்று மேடைதோறும் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. அது ‘எங்கள் வேல் வேலை பார்க்கிற வேல்’ என்கிற மிரட்டல். மிக நாகரிகமான மிரட்டல். நான் சொல்ல வந்தது வேறு. இரண்டு பாட்டிலும் கொல்லன் இருக்கிறான், அல்லது அவன் பட்டறை இருக்கிறது. இரண்டிலும் அவன் வாய் திறப்பதில்லை. ‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்று பழமொழியும் சொல்லிவிட்டோம். எய்தவன் இருக்கிறான், அம்பு இருக்கிறது. அம்பு செய்தவன் அந்தப் பழமொழியிலும் இல்லை.

கொல்லன் வாய் திறந்தால் என்ன ஆகும்? ஜோசப் ராட்பிளாட் என்ற போலந்து இயற்பியலாளர் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தார். ஹிட்லர் குண்டு செய்துவிடுவான் என்ற பயத்தில் போனவர். ஜெர்மானியர் செய்யவில்லை என்று தெரிந்ததும் 1944 இறுதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறினார். 1955 ஜூலையில் வெளியான ரஸ்ஸல்-ஐன்ஸ்டைன் அறிக்கையில் கையெழுத்திட்டார். அதைத் தொடர்ந்து கிழக்கு, மேற்கு இரு பக்கத்து அறிவியலாளர்களையும் ஒன்றாக உட்கார வைக்க ஒரு கூட்டம் திட்டமிட்டார்கள். முதலில் பேசப்பட்ட இடம் எது தெரியுமா? புது தில்லி. சூயஸ் நெருக்கடியால் தள்ளிப்போய், 1957 ஜூலையில் கனடாவில் பக்வாஷ் என்ற ஊரில் நடந்தது. 22 பேர் வந்தார்கள். பக்வாஷ் பெரிய நகரமல்ல. சிங்கி இறால் பிடிக்கிற ஒரு சின்ன மீனவ ஊர். உலகத்தின் அணு ஆயுத எதிர்ப்பு அறிவியல் இயக்கம் இன்றும் அந்தக் குப்பத்தின் பெயரைத்தான் சுமக்கிறது. 1995இல் அமைதி நோபல் பரிசு ராட்பிளாட்டுக்கும் அந்த இயக்கத்துக்கும் சேர்ந்து வந்தது. 2002 முதல் 2007 வரை அதன் தலைவர் யார்? நம் கும்பகோணத்துக்காரர், எம்.எஸ். சுவாமிநாதன். நெல்லுக்காகவும் அலையாத்திக் காட்டுக்காகவும் அவரைத் தெரிந்த நமக்கு இது தெரியாது.

அலையாத்தி என்றதும் இன்னொரு கொல்லன் நினைவுக்கு வருகிறார். ஆர்தர் கால்ஸ்டன். தாவரவியலாளர். 1940களில் சோயாச் செடி சீக்கிரம் பூக்க ஒரு வேதிப்பொருளை ஆராய்ந்தார். அளவு கூடினால் இலை உதிர்வதையும் ஓர் ஓரமாக எழுதி வைத்தார். அந்த ஓரக் குறிப்பைப் படைத்துறை ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு வியட்நாம் காடுகள் மேல் தெளிக்கப்பட்டது அவருடைய பொருள் அல்ல, வேறு கலவை. ‘என்னுடையது இல்லையே’ என்று அவர் வீட்டில் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அறுபதுகளின் நடுவிலிருந்து மேடை மேடையாகப் பேசினார், நேரில் போய்ப் பார்த்தார், மற்ற அறிவியலாளரோடு சேர்ந்து அமெரிக்க அரசை நெருக்கினார். 1971 வாக்கில் அந்தத் தெளிப்பு நின்றது. அங்கே அலையாத்தி மரம் ஒரே தெளிப்பில் செத்தது. மரம் செத்தால் வேரடியில் ஒதுங்கும் இறால் குஞ்சு என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது என் கதை. தயங்கித்தான் சொல்கிறேன். எண்பதுகளில் ஒரு ஆய்வுக்கூடத்தில், பெயர் வேண்டாம், பெர்குளோரேட் தூளின் நுண்மைக்கும் அது எரியும் வேகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி வேலை செய்தேன். மாலையில் குடுவைகளைக் கழுவுவோம். கழுவிய நீர் தொட்டியில் போகும். தொட்டியிலிருந்து வெளிக் கால்வாய்க்கு. அது எங்கே போகிறது என்று மூன்று ஆண்டில் ஒரு நாள் நான் கேட்டதில்லை. பெர்குளோரேட் தண்ணீரில் நன்றாகக் கரையும். மண் அதைப் பிடித்து வைக்காது. தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். இதெல்லாம் பின்னால் படித்தேன். கேரளத்தில் ஆலுவா அருகே பெர்குளோரேட் உற்பத்திக் கூடத்தை ஒட்டிய கிணறுகளில் அது இருப்பதாக ஆய்வாளர்கள் கண்டு சொன்ன செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் குடுவைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஆயுதம் செய்கிறோமா, அமைதி செய்கிறோமா என்று நாங்கள் தேநீர்க் கடையில் மணிக்கணக்காக விவாதித்திருக்கிறோம். கழுவு நீரை யாரும் விவாதிக்கவில்லை.

அறிவியலாளரின் பொறுப்பு என்றதும் ‘குண்டு செய்யலாமா, கூடாதா’ என்ற பெரிய கேள்வியைத்தான் எல்லாரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அது பெரிய மனிதர்களின் கேள்வி. வாழ்நாளில் ஒரு தடவை வரும். கழுவு நீர்க் கேள்வி தினமும் மாலை ஐந்தரைக்கு வரும். அதற்குப் பதில் சொல்லாதவன் முந்தையதற்குச் சொல்லும் பதிலை நான் நம்ப மாட்டேன்.

நம் பக்கத்துத் தீவில் இரண்டு வகைப் பெரியவர்களையும் பார்த்திருக்கிறோம். சதீஷ் தவான் 1972 முதல் 1984 வரை விண்வெளித் துறையை நடத்தினார். படைத்துறைக்கும் விண்வெளித் துறைக்கும் நடுவே கோடு போட்டு வைத்தவர். பழவேற்காட்டுப் பறவைகளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்; பறவை எப்படிப் பறக்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். அவர் பெயரைத்தான் 2002இல் ஏவுதளத்துக்கு வைத்தார்கள். எஸ்.எல்.வி.-3இன் திட்ட இயக்குநராக இருந்த கலாம் 1982இல் பாதுகாப்பு ஆய்வுக்குப் போனார். 1989 மே 22 அன்று சந்திப்பூரிலிருந்து அக்னி ஏவுகணை எழுந்தது. அதன் முதல் கட்டம் எஸ்.எல்.வி.-3இலிருந்து வந்ததுதான். தவான் போட்ட கோட்டை மோட்டார் தாண்டிப் போய்விட்டது. யார் சரி, யார் தவறு என்று இங்கே தீர்ப்பெழுத எனக்குத் தகுதியில்லை. தவான் மேல் சாய்வு உண்டு, மறைக்கவில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 2006இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. நாட்டுப் பாதுகாப்பு தொடர்பானவை, மைய அரசு உத்திசார் முக்கியத்துவம் உள்ளவை என்று கருதுபவை, இவற்றுக்கு விலக்கு. ரகசியம் காக்க வேண்டியது உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஏவுகணை எத்தனை தூரம் போகும் என்பது ரகசியமாக இருக்கட்டும். கிணற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது எந்த எதிரிக்குப் பயன்படும்?

ஒடிசாவில் எண்பதுகளின் நடுவில் பாலியாபால் மக்கள், வெற்றிலைக் கொடிக்கால்காரரும் மீனவரும், தங்கள் நிலத்தில் ஏவுகணைச் சோதனைத் தளம் வேண்டாம் என்று ஊர் வாசலில் தடுப்புக் கட்டினார்கள். அரசு வண்டி வந்தால் சங்கு ஊதுவார்கள். தளம் அங்கே வரவில்லை. அதே ஒடிசாக் கரையில் பங்குனி ஆமைகள் லட்சக்கணக்கில் முட்டையிட வருகின்றன; அதற்காக 2025இன் தொடக்கத்தில் சோதனைகளை நிறுத்தி வைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. முடியாது என்று இல்லை. ஆமைக்கு முடிந்திருக்கிறது.

நம் ஊருக்குத் தெற்கே காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் கடலோரக் காவல் படைக்குக் கப்பல் கட்டியிருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுதுபார்க்க வந்து நின்றது. வடக்கே ஏவுதளம். நடுவில் முகத்துவாரம், அது மூடினால் உப்பும் நன்னீரும் கலக்கிற கணக்கே மாறி இறால் வரத்து நின்றுவிடும். தீவில் இருந்த ஏனாதி மக்கள் ஏவுதளத்துக்காக இடம் மாறினார்கள். 2004 பிப்ரவரி 23 அன்று அங்கே திட எரிபொருள் வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். செய்தியில் ராக்கெட் பெயர் நிற்கிறது. அந்த ஆறு பெயரும் நமக்குத் தெரியாது.

போன மாதம் இந்தப் பேச்சுக்காக ஒரு தடவை வந்து போனேன். மீன் இறங்குதளத்தில் ஒரு அம்மா இறால் பொறுக்கிக்கொண்டிருந்தார். ராக்கெட் விடும் நாள் எப்படி இருக்கும் என்று கேட்டேன். “உடற அன்னிக்குக் கடலுக்குப் போவாதன்னு தகவல் வந்துரும் சார். எங்க வூட்டுக்காரரு கரையில படுத்துனு கெடப்பாரு. பொடுசுங்கதான் மாடிக்கு ஓடும். ஜன்னலு கடகடன்னு ஆடும்.” அப்புறம் கை நிறுத்தாமல் கேட்டார்: “அந்தப் பொகை எங்க சார் போவுது?”

வாத்தியாருக்குக் கணக்குத் தெரியும். மடித்து வைத்திருந்த காகிதத்தில் போட்டேன். பெர்குளோரேட்டில் உள்ள குளோரின் முழுவதும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறினால் ஒரு பி.எஸ்.எல்.வி. முதல் கட்டத்துக்கு ஏறக்குறைய முப்பது டன். பயப்பட வேண்டாம், அது இரண்டு நிமிடத்துக்குள், ஐம்பது கிலோமீட்டர் உயரம் வரை, கடல் பக்கமாகப் பரவிப் போகிறது. தரையருகே நிற்பது அதில் சின்னப் பங்கு. காற்று ஏரிப் பக்கம் திரும்பினால்? அந்தச் சின்னப் பங்கு எவ்வளவு? ஏட்டுக் கணக்கு அதற்குமேல் நகராது. அளக்க வேண்டும். இந்த ஊர் அறிவிப்புப் பலகையில் கூட்டுறவுச் சங்கக் கூட்டம், புயல் எச்சரிக்கை எல்லாம் ஒட்டியிருக்கிறது. அந்த ஓர் எண்ணை நான் தேடிப் பார்த்தேன்.

மீனவர்களே, உங்கள் பாடு முறையைப் பற்றி என் மாணவர்களுக்குச் சொல்வேன். எந்தத் தலைக்கட்டுக்கு எந்த நாள் எந்த இடம் என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கிறீர்கள். நல்ல இடம் ஒருவருக்கே போகாது. மோசமான இடமும் ஒருவர் தலையிலேயே விழாது. அந்தக் கணக்கில் ராக்கெட் இல்லை. கப்பல் கட்டும் தளமும் இல்லை. அவர்களும் ஏரியைத் தொடுகிறார்கள். அவர்களுக்குச் சீட்டு இல்லை, முறையும் இல்லை.

மாணவர்களில் சிலர் நாளை அந்தத் தீவுக்கே வேலைக்குப் போவீர்கள். போங்கள். என் மாணவன் ஒருவன் ஓர் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தபோது “சார், போகட்டுமா?” என்று கேட்டான். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதல் வாரத்திலேயே கழுவு நீர் எங்கே போகிறது என்று கேட்டுவிடு, எட்டாவது ஆண்டில் கேட்டால் உன்னை விரோதியாகப் பார்ப்பார்கள் என்றேன். கேட்டானாம். சிரித்தார்களாம். ஆனால் வரைபடத்தை எடுத்துக் காட்டினார்களாம்.

நேரமாகிவிட்டது, அவைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு செய்தியோடு முடிக்கிறேன். காலையில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்து, பழைய குளிர்பானப் புட்டியில் ஏரித் தண்ணீர் கொடுத்தார். மூடியில் நூல் கட்டி, தேதி எழுதிய தாள் ஒட்டியிருந்தது. “போன தபா உட்ட மறாநாள் எடுத்தது சார்” என்றார். ஒரு புட்டி தண்ணீரை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது, ஏவுதலுக்கு முந்தைய நாள் மாதிரி வேண்டும், பல இடங்களில் வேண்டும், கழுவின புட்டியில் வேண்டும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ எத்தினி புட்டி ஓணும், சொல்லு சார்” என்றார்.

இருபத்து நாலு என்று சொல்லியிருக்கிறேன். ஏவுதலுக்கு முதல் நாள் பன்னிரண்டு, மறுநாள் பன்னிரண்டு, முகத்துவாரத்திலிருந்து வடக்கே. புட்டிகளை என் ஆய்வுக்கூட நண்பர் அனுப்புவார். வருகிற எண் சின்னதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அனுமதித்தால், அந்த அறிவிப்புப் பலகையில் நானே வந்து ஒட்டுகிறேன். படகு யார் கொடுப்பது என்பதை இப்போதே பேசி முடித்துவிடலாமா?